விரல் வலிக்காத பேஸ் கிட்டார்

நான் வாசித்துப் பழகிய பேஸ் கிட்டார் இரவல். எங்கள் தோட்டத்துச் சர்ச்சில் முன்பு வாசித்தவர் டுபாய்க்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனார். போன வருடம் லீவில் வந்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

என் கணவருக்கு ரப்பர் பெக்டரியில் வேலை. எங்கள் சின்ன இசைக்குழுவில் ட்ரம்ஸ் அவர்தான். கல்யாண வீடுகளில் வாசித்துச் சேர்த்த காசோடு இருவரும் தெஹியோவிட்டயில் பஸ் ஏறி, புதுக் கிட்டார் ஒன்று வாங்கக் கொழும்பிலுள்ள ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனோம்.

"சாதாரணமா ஒண்ணு எடுத்தா போதும். மிச்சத்துல எனக்கு ஒரு சிம்பல் வாங்கிடலாம்" என்றார். அவருடைய ட்ரம்ஸோடு இருந்த சிம்பல் தட்டு வெடித்துப்போய்த் தகரம் மாதிரி சத்தம் போடும். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கடைக்காரர் சிங்களத்தில், "யாருக்கு, மகனுக்கா?" என்று கேட்டார்.

"நோனாவுக்கு" என்று இவரும் சிங்களத்திலேயே சொல்லி என்னைக் காட்டினார்.

கடைக்காரர் இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்துத் தந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கம்பிகள் உயரமாக நின்றன. அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வந்தது. வருடக்கணக்காக ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை என்னுடையது. பாதிப் பாட்டிலேயே விரல்கள் விறைத்துப்போயின. இரவல் கிட்டாரிலும் இதே வலிதான். வாசிப்பென்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

கம்பியைத் தாழ்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் தாழ்த்திப் பார்த்தார். கம்பி கட்டையில் இடித்துக் கரகரத்தது. பிறகு, மேலே தொங்கிய விலை கூடிய ஒன்றை இறக்கித் தந்தார். அதில் விரலை வைத்ததுமே சத்தம் வந்தது. ஒரு பாட்டை முழுதாக வாசித்தேன். இன்னொன்றையும் வாசித்தேன்.

"ஏங்க, இது வலிக்கல."

என் கணவர் ஒரு புதுச் சிம்பலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வலிக்குதுன்னு நீ சொன்னதே இல்லையே?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

விலையைக் கேட்டார். சேர்த்த காசெல்லாம் அதற்கே சரியாகப் போகும். பிறகு சிம்பலை எடுத்த இடத்திலேயே வைத்தார். "அதையே எடு" என்றார்.

பஸ்ஸில் கிட்டாரை இரண்டு பேர் மடியிலும் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தோம். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று அவிசாவளை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் தெரணியகலையில் ஒரு கல்யாணம். வழக்கமாக நீளமான பாட்டுகளை நானே வேண்டாம் என்று தள்ளிவிடுவேன். அன்று எதையும் தள்ளவில்லை. ஒரு பாட்டின் நடுவில் அவர் திடீரென்று அடியை மாற்றினார். யோசிக்காமலே என் விரலும் கூடவே போனது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாளும் வாசிக்கும்போது என் கவனமெல்லாம் கை வலியில்தான் இருந்தது. அவர் எப்படி அடிக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன்.

சாமான்களைக் கட்டும்போது பெண்ணின் அப்பா வந்தார். தை மாதம் சின்ன மகளுக்கும் கல்யாணமாம். வர முடியுமா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"வர்றோம்ங்க" என்றேன்.