டாக்டர் சொன்ன ‘பார்க்கலாம்’

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு, “பாக்கலாம், சொல்லி அனுப்புதோம்” என்றால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் சுவருக்கு வெள்ளையடிக்கக் கேட்டாலும் அதே பதில்தான். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராதவர்கள் கைவசம் வைத்திருக்கும் சொல் அது.

ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்தோம். அடையாறில் ஒரு கண் ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரரின் கண்களில் மாற்றி மாற்றி விளக்கடித்துப் பார்த்த டாக்டர், “நரம்பு காஞ்சு போச்சும்மா. போன பார்வை போனதுதான். சொட்டு மருந்தை விடாமப் போடுங்க, மிச்சத்தைப் பார்க்கலாம்” என்றார். எனக்கு அது எங்கள் ஊர்ப் ‘பார்க்கலாம்’ ஆகவே கேட்டது.

இவரோ வெளியே வந்ததும் சிரித்தார். “டாக்டரே பாக்கலாம்னுட்டாரு, பொறவு என்ன? ராத்திரி வரைக்கும் ரயில் இல்ல. ஊரைச் சுத்திப் பாப்போம், வா.”

ஆளுக்கொரு முதுகுப்பை. மகன் கல்லூரிக்கு மாட்டிப் பழசாக்கியவை. பெட்டி வேண்டாம், கை சும்மா இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் இவர்தான். ஏன் என்று பஸ்ஸில் ஏறும்போது தெரிந்தது. கால் படியில் படுமுன்னே இரண்டு கையும் கம்பியைத் தேடின.

“இன்னா பெருசு, ஸ்கூல் விட்டாச்சா?” என்றார் கண்டக்டர். “பையக் கழட்டு. பின்னால நிக்கிறவன் மூஞ்சில இடிச்சிக்கினு கீது.”

“இன்னைக்கு ரிசல்ட்டுப்பா,” என்றார் இவர். “பெயிலு.”

பஸ்ஸே சிரித்தது.

சாந்தோமில் மாதா கோயில் முன்னால் இறங்கினோம். “என்ன வெள்ளை! கொக்கு கழுத்தை நீட்டினாப்ல இருக்கு,” என்று அண்ணாந்து நின்றார். கூம்பு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. டாக்டர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம் போல எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அங்கிருந்து மயிலாப்பூருக்கு நடந்தோம். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய சின்னக் கோயில் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் என்னை அங்கே நிறுத்தி, கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக, என் கழுத்து வலிக்கும் வரை காட்டியிருக்கிறார். பெரிய கோயிலுக்குப் போகிற கூட்டம் இதை நின்று பார்ப்பதில்லை என்பதில் இவருக்கு ஏதோ சொந்தப் பெருமை.

சந்து திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். திருப்பணி நடக்கிறது. சவுக்குக் கம்பு கட்டி, அடியிலிருந்து கலசம் வரை பச்சை வலை போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பொம்மையின் விரல்கூட வெளியே தெரியவில்லை.

நான் வாயெடுப்பதற்குள் இவர் அண்ணாந்துவிட்டார். “அந்தக் கிளி பாத்தியா? பச்சை மங்காம வச்சிருக்கான். பக்கத்துல ஒத்தக் காலைத் தூக்கிட்டு நிப்பாளே, அவ இன்னும் காலை எறக்கல.”

நான் கோபுரத்தை விட்டுவிட்டு இவர் கண்ணைப் பார்த்தேன். அது சரியான உயரத்தில், சரியான இடத்தில்தான் நின்றிருந்தது.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னா சார், காமெடி பண்ணிக்கினு கீற? கோபுரம் ஃபுல்லா வலை கட்டிக்கீது. கிளிய நீ எங்க கண்ட?”

வேண்டாம் என்று அவளுக்கு ஜாடை காட்டினேன். அதற்குள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

இவர் நிதானமாகத் தலையை இறக்கினார். “பச்சையா என்னமோ தெரிஞ்சுதும்மா. கிளின்னுட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். பூ கட்டிய கை நின்றுபோனது. “அதுக்கின்னா நைனா,” என்றாள், குரலை இறக்கி. “கும்பாபிஷேகத்துக்கு வலைய எடுத்துடுவாங்க. அப்ப வந்து பாரு, ஜோரா இருக்கும்.”

“வரணும்,” என்றார் இவர். என் பக்கம் திரும்பினார். “வருவோமா?”

“பாக்கலாம்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

இவர் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். “நீயும் அந்த டாக்டர் மாதிரியே பேசுதியே,” என்றார். குரலில் கோபமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சிரித்தபோதே இவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் கிடந்தது. இவர் கை காற்றில் துழாவி என் பையைப் பிடித்துக்கொண்டது. நான் முன்னால் நடந்தேன்.