எழுபத்திரண்டு மச்சக்காரர்

சென்ட்ரிங் அடித்து மிஞ்சிய ஒரு பிளைவுட் துண்டில் மார்க்கரால் வரைந்த ஆள் படம். நீளத் தாடி, இடது தொடை முழுக்கப் புள்ளிகள். ஷார்ஜா சைட்டில், கோடைகால மதிய ஓய்வின்போது, தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எங்கள் சீன சர்வேயர் அதை வரைந்தார். ஒன்பது வருட கல்ஃப் வாழ்க்கையில் பழகிய கேம்ப் ஹிந்தியில், அவையெல்லாம் மச்சம், மொத்தம் எழுபத்திரண்டு என்றார். "அப்ப மச்சக்காரன்தான்," என்றார் எங்கள் ஃபோர்மேன். நான் அங்கே டைம்கீப்பர், ஆட்களின் வருகைப் பதிவு எழுதுகிறவன். அன்று முதல் அந்தக் கோடை முழுவதும் எங்களுக்கு ராஜா கதைதான்.

படத்தில் இருந்தவர், ஹான் வம்சத்தைத் தொடங்கிய பேரரசர். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர். உழவர் வீட்டுப் பிள்ளை, ஆனால் வயலில் இறங்கப் பிடிக்காது. குடியும் சிரிப்பும் பிடிக்கும். ஊரில் ஒரு சின்ன அரசுப் பதவி பார்த்தார். "நம்ம ஊர் தலையாரின்னு வச்சுக்க," என்று ஃபோர்மேன் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். அந்தத் தலையாரி ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குப் போய், கையில் சல்லிக்காசு இல்லாமல், பத்தாயிரம் மொய் என்று கூவிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாராம். வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்து மகளையே கட்டிக்கொடுத்துவிட்டார். ஃபோர்மேன் பேராவூரணிக்காரர். மொய் விருந்துக்குப் பேர்போன ஊர். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

இன்னொரு நாள் கைதிகள் கதை வந்தது. அப்போது ஆண்ட மன்னருக்குக் கல்லறை கட்டும் வேலைக்குக் கைதிகளை நடத்திக்கொண்டு போவது தலையாரியின் பொறுப்பு. வழியிலேயே ஒவ்வொருவராக ஓடினார்கள். ஆள் குறைந்தால் இவர் தலை போய்விடும். பாதி வழியில் நின்று, மீதிப் பேரின் கட்டுகளையும் அவிழ்த்து, "நீங்களும் போங்கள், நானும் போகிறேன்" என்றாராம். பத்துப் பதினைந்து பேர் போகாமல் அவரோடு நின்றார்கள். அவர்கள்தான் அவருடைய முதல் படை. ஃபோர்மேன் இதற்குச் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஜனவரியில், பொங்கலுக்கு ஊருக்குப் போக எங்களில் பதினோரு பேர் டிக்கெட் போட்டிருந்தார்கள். லீவு பேப்பர் எல்லாம் கையெழுத்தாகியிருந்தது. ஒருவர் தன் இரண்டு வயது மகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். அந்த நேரத்தில் நாலாம் மாடி ஸ்லாப்பை ஒரு வாரம் முன்னதாக, பொங்கல் வாரத்திலேயே போட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினோரு பேரிடமும் லீவு பேப்பரைத் திருப்பி வாங்குவது ஃபோர்மேன் வேலை.

அவர் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "பேப்பரைத் திருப்பி வாங்கச் சொல்றாங்க. நான் வாங்கமாட்டேன். டிக்கெட் போட்டவன் கெளம்பு. கேட்டா நான்தான் அனுப்புனேன்னு சொல்லிக்கிறேன்."

கம்பி கட்டுகிற ஒருவர் எழுந்தார். "புள்ளையப் பாக்கப் போறவரு போவட்டும்ணே. நீங்க ஒத்தையா மாட்டிக்குவிய. நான் அடுத்த மாசம் போயிக்கிறேன்." அவரோடு இன்னும் மூன்று பேர் நின்றார்கள். ஏழு பேர் கிளம்பினார்கள். வருகைப் பதிவில் அந்த ஏழு பேருக்கும் நேராக லீவு என்று நானே எழுதினேன்.

ஸ்லாப் போடும் நாள் காலை ஆறு மணிக்குக் காங்கிரீட் பம்ப் ஓடத் தொடங்கியது. ஆள் போதவில்லை. அதுவரை பேனா மட்டும் பிடித்த நான், கடன் வாங்கிய பூட்ஸில், கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டு காங்கிரீட்டில் நின்றேன். சர்வேயர் ஒரு கண்ணை மட்டம் பார்க்கும் லெவலில் வைத்துக்கொண்டே மண்வெட்டியும் பிடித்தார். மாலைத் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது கடைசி மூலையும் மட்டமாகியிருந்தது.

மறுநாள் மேனேஜர் வந்தார். ஸ்லாப்பைச் சுற்றி வந்தார். என் பதிவை வாங்கிப் பார்த்து, யார் அனுப்பியது என்று கேட்டார். "நான்தான் சார்," என்றார் ஃபோர்மேன். வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம் பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் பர் துபாயில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கையில் சிமெண்ட் பட்டுப் பல வருடம் ஆயிற்று. ஃபோர்மேன் சலாலாவில் இருக்கிறார். சர்வேயர் ஊர் திரும்பிவிட்டார். அவர் சொன்ன கதைகளில் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் போன ஏழு பேரும் முறுக்கும் கருவாடுமாகத் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, ரூமில் எல்லோருமாகச் சமைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் சர்வேயர் அதைச் சொன்னார். ராஜா சிம்மாசனம் ஏறிய பிறகு ஒரு விருந்து வைத்தாராம். நான் ஏன் ஜெயித்தேன் என்று அங்கே கேட்டாராம். திட்டம் போடுவதில் ஒருவர், படைக்குச் சோறு அனுப்புவதில் ஒருவர், சண்டையில் ஒருவர் என மூன்று பேர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அவர்கள் என்னோடு இருந்தார்கள், அதனால்தான் என்று அவரே பதிலும் சொன்னாராம்.

ஃபோர்மேன் கரண்டியோடு நிமிர்ந்தார். நின்ற நான்கு பேரையும், சர்வேயரையும், என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"அவருக்கு மூணு பேருதானா?" என்று சொல்லிவிட்டு, எங்கள் தட்டுகளில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.