சூடாகாத பாதிக் கண்ணாடி

அந்தக் குளிர்காலத்தில் என் கணவருக்கு வாரத்தில் மூன்று காலைகள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவரைக் காரில் கொண்டுபோவது என் பொறுப்பு. லைசென்ஸ் எடுத்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

காரும் பழையது; உடம்பு நன்றாயிருந்த காலத்தில் அவரே அதைத் திருத்துவார். ஹீட்டர் ஊதுவதை எப்போதோ விட்டுவிட்டது. தானே சூடாகும் முன்கண்ணாடி இருந்ததால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கண்ணாடிக்குள்ளே தலைமயிர்போல மெல்லிய கம்பிகள் ஓடின. என்ஜினை ஓடவிட்டுப் பொத்தானை அமத்தினால் கம்பிகள் சூடாகி, வெளியே உறைந்த பனியும் உள்ளே படிந்த ஆவியும் கரைந்துவிடும்.

ஒருநாள் அதில் பாதி செத்துப்போனது. அவர் இருக்கும் இடப்பக்கம் பளிச்சென்று தெளிந்தது. ஓட்டுகிற என் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. கராஜ்காரர் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு, உள்ளே கம்பி அறுந்துவிட்டது, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும், இந்தப் பழைய மாடலுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார். அவர் தேடிக்கொண்டேயிருந்தார். நான் வெளியே சுரண்டினேன். ஓடும்போது உள்ளே என் கணவர் எட்டி எட்டித் துவாயால் துடைத்தார்.

அன்று காலை கோலியர்ஸ் வுட்டுக்கு வரும்போது அவருக்குத் துடைக்கவும் சக்தி இல்லை. கால்கள் வீங்கி, மூச்சு இளைத்தது. துடைத்த இடம் துடைத்த கையோடு மங்கியது. நான் அவர் பக்கம் சாய்ந்து, தெளிந்த பாதியினூடாகத் தெருவைப் பார்த்து ஓட்டினேன்.

"பிறேக்! பிறேக்கை அமத்தும்!"

கார் சறுக்கி நின்றது. குழந்தை வண்டிலோடு ஒரு பெண் எங்களுக்கு முன்னால், கை தொடும் தூரத்தில் நின்றாள். ஏசக்கூட இல்லை. வண்டிலை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

தெருவிலிருந்து பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் காரை விட்டேன். என்ஜினை நிறுத்தினேன்.

"இண்டைக்கு விடுவம்," என்றார் அவர். "ஒருநாள்தானே."

"விசர்க்கதை கதையாதேங்கோ. மூச்சே எடுக்க ஏலாமல் இருக்கிறியள்."

மூலையில் இருந்த டெலிபோன் பெட்டிக்கு ஓடினேன். வாடகைக்கு வரும் மினிகாப்காரர்கள் தெருவெல்லாம் ஐஸ், கார் இல்லை என்றார்கள். நோயாளிகளை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வானுக்கு முதல்நாளே சொல்லியிருக்க வேண்டுமாம். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினை அவருக்காகக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றார் நேர்ஸ். திரும்பி வந்தபோது அவர் கம்பளிக்குள் சுருண்டிருந்தார். நான் காருக்கு வெளியே நின்று, அவருக்குத் தெரியாமல் அழுதேன்.

அவர் கண்ணாடியைத் தட்டினார். "டிக்கியில ஸ்பானர் எல்லாம் கிடக்கிற ரூல்ஸ் பெட்டி இருக்கு, எடுத்துக்கொண்டு வாரும். கண்ணாடியில உம்மட பக்கத்துப் பியூஸையும் என்ர பக்கத்துப் பியூஸையும் மாத்திப் போடும்."

மாற்றி, என்ஜினை ஓடவிட்டுப் பொத்தானை அமத்தினேன். என் பக்கம் அப்படியே இருந்தது.

"அப்ப பியூஸ் இல்லை. பெட்டியில கரண்ட் வருதோ எண்டு பாக்கிற சின்ன பல்ப் கிடக்கு, எடும், ரெண்டு வயர் தொங்குது. ஒண்டை காரின்ர இரும்பில பிடியும். என்ஜின் ஓடட்டும்."

வைப்பருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கண்ணாடிக்குக் கரண்ட் வருகிற வயரில் மற்ற நுனியைத் தொட, பல்ப் எரிந்தது.

"இனி அது திரும்பிப் போற வயரில தொடும்."

அதிலும் எரிந்தது. சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதில எரியக் கூடாதப்பா. கரண்ட் கண்ணாடியால வந்து, வெளிய போக வழியில்லாமல் நிக்குது. கம்பி அறேல்லை! அந்த வயர் எங்க முடியுதெண்டு பாரும்."

வயர் என் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கார்பெட்டுக்கு அடியில், காரின் இரும்போடு முறுக்கிய ஒரு போல்ற்றில் முடிந்தது. மழைத்தண்ணீர் ஒழுகி அது துருக் கட்டியாயிருந்தது. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டிகள் உரிந்தன. திரும்பவே இல்லை.

"ஏலாது," என்றேன். "என்னால ஏலாது."

அவருடைய மூச்சுத்தான் கேட்டது. அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஸ்பானரைக் காலால் மிதித்தேன். கிரீச்சென்று போல்ற் இளகியது. கைப்பையிலிருந்த நகம் ராவும் அரத்தால் துருவை வெள்ளி மினுங்கும்வரை சுரண்டி, மறுபடி முறுக்கினேன்.

பொத்தானை அமத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைக்குள் கோடு கோடாக ஈரம் தெரிந்தது. எதிரே செங்கல் மதில், அதன் மேல் ஒரு பூனை. கண்ணாடி முழுதும் தெளிந்ததும் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் மெஷின் இன்னும் காலியாக இருந்தது. நேரம் குறைத்துத்தான் போட்டார்கள், ஆனாலும் அவருடைய மூச்சிளைப்பு குறைந்தது. நேர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு மருந்து பூசினார்.

"ஹீட்டரையும் ஒருக்கால் கழட்டிப் பாப்பம்," என்றார் அவர், கண்ணை மூடியபடி.

"முதல்ல நித்திரை கொள்ளுங்கோ."

கராஜ்காரர் கண்ணாடி கிடைத்துவிட்டதென்று போன் எடுத்தபோது மாசி முடிந்திருந்தது. வேண்டாம் என்றேன். அடுத்த குளிருக்கு முன் அவருக்கு வேறொருவரின் சிறுநீரகம் கிடைத்தது.