பந்தைக் கையால் எடுத்தவர்

ஷார்ஜாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் வெள்ளிக்கிழமை காலையில் கால்பந்து ஆடுவோம். ஊரில் கல்லூரி அணிக்கு ஆடிய ஒருவர் பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள், கெண்டைக்கால் மட்டும் முறுக்கேறி இருக்கும். பந்து உருண்டு வந்தால் காலால் தொடமாட்டார், கையால் எடுத்துத் தருவார்.

பக்கத்துக் கேம்ப்போடு ஃபைனல் ஆடிய அன்று எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. “கொஞ்ச நேரமாவது எறங்கு தம்பி” என்றேன்.

“வேண்டாம்ணே. அடுத்த மாசம் லீவுல போறேன். ஊர்ல ஒரு கிளப்புல செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்த மணல்ல கால் பெரண்டுச்சுன்னா எல்லாம் கலாஸ்.”

அன்று தோற்றோம். எனக்குக் கோபம்தான்.

அடுத்த மாதம் கம்பெனி அவருக்கு லீவு தரவில்லை. செலக்‌ஷன் அவர் இல்லாமலே முடிந்தது.

அதற்கடுத்த வெள்ளியும் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்தார். இனி ஆடுவார் என்று நினைத்து நானே பந்தை அவர் காலுக்குத் தட்டிவிட்டேன். குனிந்து கையால் எடுத்தார், மணலைத் துடைத்தார், என்னிடம் நீட்டினார்.

இன்னும் எதற்காக அந்தக் காலைப் பத்திரப்படுத்துகிறார் என்று புரியாமலே பந்தை வாங்கிக்கொண்டு ஆடப் போனேன். இன்றும் எந்தத் திடலில் பந்து வெளியே உருண்டாலும் அந்த இரண்டு கைகளும் என் முன்னால் நீள்கின்றன.