கிளிப் கட்சியும் பட்டுநூல் கட்சியும்

டி.வி. திரை முழுக்கச் சிவப்பானபோது ஆபரேஷன் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சின்ன டாக்டர்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். ஆபரேஷனில் ரத்தக் குழாயை அடைக்க எங்களிடம் மூன்று வழிகள்: பட்டுநூலால் முடிச்சுப் போடுவது, உலோகக் கிளிப்பால் நெரிப்பது, காட்டரி என்ற மின்கருவியால் சுட்டுக் கருக்குவது. பெரிய டாக்டர் பட்டுநூல் கட்சி. வயிற்றில் துளை போட்டுக் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்தபடி அறுக்கும் லேப்ராஸ்கோப்பி படித்துவிட்டு வந்த சின்னவர் கிளிப், காட்டரி கட்சி. எது பத்திரம் என்று கை கழுவும் இடத்தில் தினமும் சண்டை. கிளிப்பைப் பெரியவர் "துணி காயப்போடற சாமான்" என்பார். பட்டுநூலைச் சின்னவர் "பூக் கட்டற நூல்" என்பார். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று மேசையில் இருந்தவர் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பழனாத்தாள் அக்கா. பித்தப்பையில் கல். மயக்க ஊசிக்கு முன்னால், "ஏனுங்க சிஸ்டர், டிவியப் பாத்துட்டே அறுக்கறாங்களாமா? நடுவால சீரியல் எதும் வந்துறாதுங்களே?" என்று கேட்டார்.

பித்தப்பைக்குப் போகும் ரத்தக் குழாயில் போட்ட கிளிப் வழுக்கிவிட்டது; திரை சிவந்தது அதனால்தான். சின்னவர் சட்டென்று வயிற்றைத் திறந்தார். பக்கத்துத் தியேட்டரிலிருந்து ஓடிவந்த பெரியவர் விரலால் அமுக்கிப் பிடித்து, பட்டுநூலில் முடிச்சுப் போட்டார். அக்கா பிழைத்துக்கொண்டார். பெரியவரைத்தான் அதற்கப்புறம் தாங்க முடியவில்லை. பத்து நாள் டீ குடிக்கும்போதுகூட முடிச்சுப் பேச்சுதான்.

பதினோராம் நாள் பெரியநாயக்கன்பாளையத்து டீச்சர் ஒருவருக்குப் பெரியவர் கழுத்தில் தைராய்டு கட்டி எடுத்தார். எல்லாம் பட்டுநூல். முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். ரெகவரி அறையில் கண்விழித்த டீச்சர் இரண்டு முறை பலமாக இருமினார். நான் போய்ப் பார்த்தபோது கட்டுத்துணி காய்ந்து சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே கழுத்து புடைத்திருந்தது.

"மூச்சு... முட்டுதுங்க," என்றார்.

உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கிறது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சின்னவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன். கட்டிலிலேயே தையலைப் பிரித்தார். ரத்தக்கட்டி வெளியே வந்ததும் டீச்சர் ஒரு மூச்சை இழுத்தார் பாருங்கள், எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு முடிச்சு கழன்று கிடந்தது. சின்னவர் அங்கே கிளிப் போட்டார்.

மீசையில் சோற்றுப் பருக்கையோடு பெரியவர் ஓடிவந்தார். சின்னவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனார். வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடப் பெரியவர் தாங்கியிருப்பார்.

சாயங்காலம் சின்னவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவரே கேட்டார்: "நீங்களே சொல்லுங்க சிஸ்டர், எதுதான் பத்திரம்?"

"அடைச்சதும் மூடிப்போட்டுக் கெளம்பிடறீங்களே, அதுதானுங்க ஆபத்து. மயக்க டாக்டர உட்டு, இருமுனாப்புல மூச்ச ஒருக்கா அழுத்தச் சொல்லிப்போட்டு, அஞ்சு நிமிசம் சும்மா நின்னு பாருங்க. கசியறதா இருந்தா அப்பவே கசிஞ்சிரும்."

"அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கறதா?" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

ஆனாலும் மறுநாள் ஆபரேஷனில் இருவரும் நின்றார்கள். மூன்றாவது நிமிடம் பெரியவர் தையல் ஊசிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என்னை முறைத்தார், கடிகாரத்தை முறைத்தார். நாலாவது நிமிடம் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக் குழாய் கசிந்தது.

புதிதாகத் தியேட்டருக்கு வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதை வைத்து அடைப்பது என்பது டாக்டர் பாடு. அடைபட்டதா என்று பார்க்கும்வரை ஊசியைக் கொடுக்காதீர்கள். திட்டுவார்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.