பதினாலாம் நம்பர்

ஆதியம்மாளை யாரும் மிரட்ட முடியாது. சதுரங்கப்பட்டினத்து மீன்காரி, பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் தெருமுனை வரைக்கும் திட்டு துரத்தும். அவள் கணவன் மாயவனோ வாயில்லாப் பூச்சி. கல்பாக்கத்தில் கட்டட வேலை எடுத்திருந்த எங்கள் கம்பெனியில் பாரம் தூக்கும் கலாசி. 1974-ல் அங்கே மெடிக்கல் பில் பார்த்தவள் நான்.

அந்த வருடம் ஆதியம்மாளுக்குப் புற்றுநோய் வந்து, மெட்ராஸில் இடது முலையை எடுத்துவிட்டார்கள். பில்லோடு வந்த மாயவன், நெஞ்சில் கட்டி என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது. வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் தரலாம் என்று நம்பர் போட்ட எங்கள் கம்பெனிப் பட்டியலில் கட்டிக்குப் பதினாலாம் நம்பர், முலை அகற்றுவதற்கு முப்பத்தொன்று. ஆம்பளைகள் நிறைந்த ஆபீசில் அந்த வார்த்தையை டைப் அடிக்கக் கூச்சப்பட்டு, பதினாலு என்று போட்டேன். படித்த முட்டாள் நான்.

பதினாலுக்கு அறுபது ரூபாய்தான். அதைவிட மோசம், வெறும் கட்டிக்குக் கரண்ட் வைக்கும் கதிர்வீச்சு வைத்தியத்துக்குக் கம்பெனி பணம் தராது என்று கடிதம் போய்விட்டது. அந்த வைத்தியம் இல்லாவிட்டால் நோய் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தக் காசில் பார்க்க அவர்களால் ஆகாது.

மறுவாரம் அவளே வந்தாள். மாயவன் வாசலோடு நின்றுவிட்டான். மேலதிகாரி நரசிம்மன், இதையெல்லாம் சபையில் பேச வேண்டாம், மெதுவாகப் பார்க்கலாம் என்று பைலை மூடப் போனார்.

"என் மொலைய அறுத்துட்டாங்க சார். போனது எனுக்கு. எழுதறதுக்கு உனுக்கு இன்னா வெக்கம்?"

டைப் அடிக்கும் சத்தமெல்லாம் நின்றது. ஊர் பேசும் என்று நாத்தனார் சந்திரம்மா ரவிக்கைக்குள் திணித்துவிட்டிருந்த துணிச்சுருளை ஆதியம்மாள் உருவி, அவர் மேஜைமேல் வைத்தாள். நரசிம்மன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் எழுந்து, தப்பு என்னுடையது என்றேன். புதுத் தாளைச் செருகி, டாக்டர் எழுதியபடியே முழு வார்த்தையையும் அடித்து, முப்பத்தொன்று என்று போட்டேன். அவர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வார்த்தை எது என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். துணியை மறந்துவிட்டாளே என்று கூப்பிட்டேன்.

"நீயே வச்சிக்க யம்மா. மேஜை தொடைக்க ஆவும்."

வைத்தியம் முடிந்து மறுபடியும் கூடை தூக்கினாள். ஒரு பக்கம் தட்டையாகவே தெருத்தெருவாக நடந்தாள். எவனாவது உற்றுப் பார்த்தால் கூடையை இறக்கி வைப்பாள்.

"மீனு இதுல கீது. இங்க பாரு."