ரோசிக்கு ஒரு டொக்டர்

சவிரிமுத்து கண்ணாடிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குளியல் தொட்டிக்குள் அதைச் சரித்து வைத்து, வெளியே முழங்காலில் நின்று, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்தார். சவர்க்காரம் கிடையாது. அந்த மணம் ரோசிக்கு ஆகாதாம். வெந்நீரும் வினாகிரியும் மட்டும்தான்.

பெர்னடெற் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுசன் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட ஒரு நாள் கழுவி வைத்ததில்லை. குடித்த இடத்திலேயே அது கிடக்கும். அவள்தான் எடுக்கவேண்டும்.

"வினாகிரி முழுக்க முடிஞ்சுதோ?"

"நாளைக்குக் கடையிலையிருந்து கொண்டாறன்."

"அச்சாறு போட எண்டு வைச்சிருந்தனான்."

"மெல்லக் கதையும். ரோசி நித்திரை."

ரோசி ஒரு பாம்பு. செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத அமெரிக்கச் சாதி. நீட்டிப் பிடித்தால் பெர்னடெற்றின் தோளுயரம் வரும். மகன் கிருசாந்தன் ஆசைப்பட்டு வாங்கியது. அவனுக்கு லீட்ஸில் வேலை கிடைத்தபோது, அங்கே வீட்டுக்காரன் பிராணிகள் கூடாது என்றுவிட்டான். "அம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லி மனோர் பார்க் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருசமாகிவிட்டது.

பெர்னடெற் பாம்பு இருந்த அறைப் பக்கமே போகவில்லை. சவிரிமுத்துதான் முதலில் பயந்து பயந்து தண்ணீர் வைத்தார். பிறகு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு மாலையில் வேலை முடிந்து வந்தால் பாம்பை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பு வளர்க்கும் அமெரிக்கன் ஒருவனின் வீடியோக்களைப் போனில் பார்ப்பதே அவருடைய வழக்கமாயிற்று. பெண்சாதியை அவர் கூப்பிடுவது 'இஞ்சரும்' என்று. கலியாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். வேறு பெயர் வேண்டுமென்று அவளுக்கும் தோன்றியதில்லை, ஒரு நாள் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது, "என்ன செல்லம், பசிக்குதோ?" என்ற குரலைக் கேட்கும் வரைக்கும்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ரோசிக்குச் சுகமில்லாமல் போனது. முதலில் சாப்பாடு நின்றது. குளிர்ப்பெட்டியில் மீன் பொதிகளுக்குக் கீழே ஐஸ்கிரீம் டப்பாவில் கிடந்த எலிக்குஞ்சை எடுத்து, சுடுதண்ணியில் இளகவிட்டு, இடுக்கியால் பிடித்து நீட்டிக்கொண்டு சவிரிமுத்து அரை மணி நேரம் அசையாமல் இருந்தார். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிருசாந்தனுக்கு இவர் ஒரு வாய் சோறு தீத்தியிருப்பாரா என்று பெர்னடெற் யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒரு காட்சி அவளுக்கு நினைவு வரவில்லை.

பிறகு ரோசியின் மூக்கில் நுரைக்குமிழ் வந்தது. தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. கிட்டப் போனால், தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அதே கிழமை பெர்னடெற்றுக்கும் இரண்டு தரம் விலாவுக்குக் கீழே குத்தி எழுந்தது. பித்தப்பையில் கல். ஒரு வருசம் காத்திருந்து, இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்திருந்தது. குத்து வந்தால் சுடுதண்ணிப் பையை விலாவோடு அணைத்துக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடப்பாள்.

"நோவுக்குக் குளிசை போட்டனீரோ?" என்று சவிரிமுத்து கேட்டார். கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் கேட்டது மேல்மாடியில் பாம்பு அறைக்குள் இருந்து.

ஒப்பரேசனுக்குத் துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிகிற நேரத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்டு வைக்க ஓர் ஆள் தேவை. இதைச் சொன்னபோது சவிரிமுத்து தலையைச் சொறிந்தார். "நான் வந்து என்ன செய்யிறது? அங்கை எல்லாம் இங்கிலீசிலை கேப்பினம். மரினாவைக் கூட்டிக்கொண்டு போமன்." மரினா குட்மேய்ஸில் இருக்கிற அவளுடைய தம்பி பெண்சாதி. பெர்னடெற்றுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஈஸ்ட் ஹாமில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கடையில் மீன் வெட்டுகிற மனுசன் அவர். முதலாளி தமிழ், வாடிக்கையாளர் தமிழ். கவுன்சில், பாங்கு, பள்ளிக்கூடம், பொயிலர் திருத்துகிறவன் என்று இங்கிலீஷ் கதைக்கவேண்டிய எல்லா இடத்திலும் இவ்வளவு காலமும் கதைத்தது அவள்தான். வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்து, திட்டும் கொஞ்சலும் கேட்டுப் பழகிய இங்கிலீஷ்.

கிருசாந்தன் பிறந்த அன்றும் அறக்குளா மீன் வெட்டப் போன அந்த மனுசன், ரோசிக்காக லீவு எடுத்தார்.

செய்தி எப்படியோ கோயிலுக்குப் போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பிலோமினம்மா வந்து காதைக் கடித்தாள்.

"பிள்ளை, மாதா காலுக்குக் கீழை போட்டு மிதிக்கிறதை உன்ரை மனுசன் மடியிலை வைச்சுக் கொஞ்சுறாராம்."

"அதுக்கெண்டாலும் கொஞ்சட்டும் அன்ரி," என்று பெர்னடெற் சிரித்துவிட்டு வந்தாள்.

பக்கத்துத் தெரு மிருக வைத்தியசாலையில் நாய், பூனை, மிஞ்சினால் முயல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் பாம்பும் பார்ப்போம் என்றார்கள். அங்கே ஓர் இளம் டொக்டர் பெட்டியைக் கையெட்டுந் தூரத்தில் வைத்து எட்டிப் பார்த்தார். ஏதோ விற்றமின் துளி கொடுத்து, சூடாக வைத்திருங்கள் என்றாராம். பெர்னடெற் அப்போது வேலையில் இருந்தாள். இவர் தனியாகப் போய்க் கையாலும் காலாலும் சமாளித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். விற்றமின் துளிக்குப் பிறகு கேத்தில் சத்தம் கூடியது.

அன்று மாலை சவிரிமுத்து குசினிக்குள் வந்து நின்றார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம்.

"இஞ்சரும். நீர் ஒருக்கா போன் அடிச்சுக் கேளுமன். உமக்குத்தானே உந்த வேலை தெரியும்."

அந்த நேரம் பார்த்துக் கிருசாந்தனும் போன் எடுத்தான். "அம்மா, ரோசி எப்பிடி இருக்கிறா? ப்ளீஸ் அம்மா, நல்ல வெற் டொக்டர் ஒராளைப் பாருங்கோ. ஓ, உங்கடை சேர்ஜரி அடுத்த வியாழன்தானே?" பாம்பு முதலில், அம்மா 'ஓ'வுக்குப் பிறகு.

ஏன் போனை எடுத்தாள் என்று கேட்டால், இரக்கம் என்று அவள் சொல்லமாட்டாள். ரோசி செத்தால் இந்த மனுசன் அழுவார். அழுது முடித்து ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவார். செத்துப்போனவளோடு யார் போட்டி போடுவது? உயிரோடு இருந்தால் கோபிக்கவாவது செய்யலாம். அதோடு, ஒரு வேலையை ஒருவர் அரைகுறையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஏலாது.

சாப்பாட்டு மேசையில் இருந்து ஒவ்வோர் இடமாக அடித்தாள்.

"பாம்பு பாப்பியளோ எண்டு கேக்கக்கூடாது," என்றாள் புருசனிடம், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "ஓம் எண்டுதான் சொல்லுவினம். இந்த மாதம் உங்கடை டொக்டர் எத்தினை பாம்பு பாத்தவர் எண்டு கேக்கோணும்." இல்லத்துக் கிழவர்களுக்குப் பல் வைத்தியர் தேடித் தேடிப் படித்த பாடம் அது.

அந்தக் கேள்விக்குச் சிலர் இழுத்தார்கள். சிலர் பிறகு அடிக்கிறோம் என்றார்கள். தேம்ஸுக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் போன் எடுத்த பெட்டை சிரித்தாள். "இந்த மாதமா? இன்றைக்குக் காலையிலேயே மூன்று வந்துவிட்டது" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு நேரம் எடுத்தாயிற்று.

"நீரும் வாரும்," என்றார் சவிரிமுத்து. "நீர்தான் கதைக்கோணும்."

அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது உண்மை. வெள்ளிக்கிழமை நல்ல சேலைதான் உடுத்தவில்லை. மற்றபடி தலையைச் சரியாக இழுத்துக் கட்டி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். கீழே இறங்கி வந்து பார்த்தால், விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த பூவேலைத் தலையணை உறைக்குள் பாம்பு கிடந்தது. பிளாஸ்டிக் பெட்டியில், தலையணை உறைக்குப் பக்கத்தில், துவாய் சுற்றியபடி அவளுடைய சுடுதண்ணிப் பை.

"அது என்ரை."

"வழியிலை குளிர் படக்கூடாது எண்டு வீடியோவிலை சொன்னவன். வந்தவுடனை தாறன்."

காரில் பெட்டியை மடியில் வைத்திருந்தவளும் அவள்தான். சுரங்கப் பாதைக்குள் வாகனங்கள் நகராமல் நின்றபோது விலாவுக்குக் கீழே மெல்லக் குத்தத் தொடங்கியது. தன் சுடுதண்ணிப் பையின் வெதுவெதுப்பு பெட்டியைத் தாண்டித் தொடையில் பட்டது.

டொக்டர் கட்டையாகத் தலைமயிர் வெட்டிய ஒரு பெண். வந்ததும் பாம்பைத் தூக்கவில்லை. கையைச் சூடாக்கிக்கொண்டு, அதுவாக வரும் வரைக்கும் பொறுத்திருந்தாள். ஈரத்துணி ஒன்றை அதன் முதுகில் விரித்து, அதற்கு மேல் காதில் மாட்டிய குழாயை வைத்துக் கேட்டாள். துணி இல்லாவிட்டால் செதில் உரசுகிற சத்தம்தான் கேட்குமாம். பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வாயை மெல்லத் திறந்து பார்த்தாள். இவள்தான் சரியான ஆள் என்று பெர்னடெற்றுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டொக்டர் நிமிர்ந்து கேட்டாள், எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, எப்போது தோல் கழற்றியது என்று. பெர்னடெற் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அடி முன்னுக்கு வந்தாள்.

"லாஸ்ற் ஃபீட், த்ரீ வீக்ஸ்," என்றார் சவிரிமுத்து. "வன் ஸ்மோல் மவுஸ். ஆஃப்ரர் தற், ஷீ ரிஃபியூஸ். ஷெட், ஜனவரி. வன் பீஸ், வெரி குட் ஷெட். ஐ கீப் இற். நைற் ரைம் மவுத் ஓப்பின். மோர்ணிங் ரைம் பபிள்."

டொக்டர் கேட்டுக்கொண்டே போனாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். இரவில் எத்தனை பாகை, ஈரப்பதம் எவ்வளவு, கீழே விரித்தது என்ன மரத்தூள். இலக்கணம் இல்லை, தடங்கலும் இல்லை. வெப்பமானி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை, பாம்பின் வயிற்றுக்குக் கீழே உள்ள சூட்டை அல்ல, அங்கே குளிராக இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கியது. முகம் செத்துப்போனது. "மை மிஸ்ரேக்," என்றார்.

பெர்னடெற் ஓர் அடி பின்னுக்குப் போய்ச் சுவரோடு நின்றாள்.

போன வருசம் ஒரு பின்னேரம் அவளுக்கு அந்தக் குத்து உச்சத்துக்கு வந்து அம்புலன்ஸ் வந்தது. இவ என்ன குளிசை எடுக்கிறவ என்று அதில் வந்த பெடியன் சவிரிமுத்துவிடம் கேட்டான். அவர் "வைஃப் நோஸ்" என்று சொல்லி, நிலத்தில் வாளியைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தவளைக் கையால் காட்டினார். அவள் சத்தி எடுத்து, வாயைத் துடைத்து, தன் குளிசைகளின் பெயரைத் தானே சொன்னாள். அன்று அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், பாஷை வராத மனுசன் என்றுதான் நினைத்தாள்.

டொக்டர் முதல் ஊசியைப் போட்டுக் காட்டினாள். மூன்று நாளுக்கு ஒரு தரம். திங்கட்கிழமை ஊசியை வீட்டில் போடலாம், ஒருவர் பிடிக்க ஒருவர் குத்தவேண்டும். அடுத்தது இங்கே கொண்டு வந்து காட்டவேண்டும். வியாழன் காலை சரிவருமா என்று வாசலில் இருந்த பெட்டை கேட்டாள்.

"தேர்ஸ்டே ஓகே," என்றார் சவிரிமுத்து. "எனி ரைம் ஓகே."

திரும்பி வரும் வழியெல்லாம் பெர்னடெற் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். அவர் கவனிக்கவும் இல்லை. வெப்பமானியை எங்கே வைப்பது என்று கதைத்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் மரினா போன் எடுத்தாள். பெர்னடெற் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டாள். சவிரிமுத்து குளிர்ப்பெட்டியைத் திறந்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், வியாழனுக்கு நான் லீவு போட்டிட்டன். அண்ணை வரேல்லையே?"

"அண்ணைக்கு அண்டைக்கு வேறை ஒருத்தியோடை அப்பொயின்ற்மென்ற்."

"என்ன மச்சாள் சொல்லுறியள்!"

"சிவத்த ஆள். மெல்லிசு. கதைக்கமாட்டா, அதுதான் பிடிச்சுப் போச்சு. அவவோடை இங்கிலீசும் வருது."

மரினா விழுந்து விழுந்து சிரித்தாள். குளிர்ப்பெட்டிக் கதவு திறந்தபடியே நின்றது. அது கீச்சிட்டுக் கத்தத் தொடங்கிய பிறகுதான் சவிரிமுத்து அதை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கூப்பிட்டார். "இஞ்சரும். ஒருக்கா வாரும்."

அறைக்குள் அவர் பாம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே வெட்டில் அறக்குளாத் தலையை எடுக்கிற கை அது. "என்னாலை குத்த ஏலாது," என்றார்.

பெர்னடெற் கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். இல்லத்தில் எத்தனையோ பேருக்கு இன்சுலின் போட்ட கை. இரண்டு வருசத்தில் முதல் தரமாகப் பாம்பைத் தொட்டாள். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உலர்ந்து, அழுத்தமாக, நல்ல தோற்பை மாதிரி இருந்தது. கேத்தில் சத்தம் குறைந்திருந்தது. செதிலுக்குக் கீழே ஊசியை விட்டு, மெல்ல அழுத்தி, எடுத்தாள்.

"முடிஞ்சுது செல்லம், முடிஞ்சுது," என்றார் சவிரிமுத்து. "நோகேல்லை, என்ன?"

பெர்னடெற் ஊசிக்கு மூடியைப் போட்டாள்.

"வியாழக்கிழமை என்னை உள்ளுக்குக் கொண்டு போகேக்கை ஒண்டு கேப்பினம்," என்றாள். "இவவுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது எண்டு. நீங்கள் நிண்டால் என்ன சொல்லுவியள்?"

ரோசி சவிரிமுத்துவின் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அதை மெல்லக் கழற்றிப் பெட்டிக்குள் விட்டார். மூடியைச் சாத்தினார். வெப்பமானியைக் குனிந்து பார்த்தார், தேவைக்கு மேலேயும் பார்த்தார்.

"ரோசியை வெள்ளிக்கு மாத்தச் சொல்லி அடிக்கிறன்," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடி. "நானே கதைக்கிறன்." பிறகு திரும்பினார். "இஞ்சரும். உமக்கு எத்தினை மணிக்கு எண்டு சொன்னனீர்?"

அவள் அதை எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். சோறு போட்டுக் கொடுக்கும்போது சொன்னாள், காரில் போகும்போது சொன்னாள், இந்த அறை வாசலில் நின்றும் சொன்னாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய சுடுதண்ணிப் பை கிடந்தது, வெள்ளிக்கிழமைத் தண்ணீரோடு, குளிர்ந்து போய். அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

"இஞ்சரும்," என்று பின்னால் இன்னொரு தரம் கேட்டது. அவள் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.